சிவப்பு வட்டம் போட்ட கை

விழா மலருக்குக் கட்டுரை கேட்டுத்தான் தம்பி முதலில் வந்தார். தம்பி என்றால் என் கூடப்பிறந்தவர் அல்ல. நான் வேலை பார்த்த பல் டொக்டரின் மகன். அப்பாவை எல்லோரும் பெரிய டொக்டர் என்பார்கள். அவர் காலமான பிறகு மகன்தான் வெள்ளவத்தைக் கிளினிக்கை இடித்துக் கட்டி, கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு நடத்துகிறார். கிளினிக்கின் ஆண்டு நிறைவு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம்.

"அன்ரி, முப்பத்தொரு வருசம் அப்பாவோட நிண்டது நீங்கள்தான். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. உங்கட பழைய படம் ஒண்டும் கிடைச்சிருக்கு, போடுறம்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு பெட்டி கேக்கோடு திரும்பி வந்தார். கேக்கைக் கண்டதுமே ஏதோ இருக்கிறது என்று விளங்கிவிட்டது.

"எல்லாம் நல்லாயிருக்கு அன்ரி. அந்தச் சிவப்புப் பென்சில் விசயத்தை மட்டும் எடுப்பமே."

"ஏன் தம்பி?"

"இப்ப மிட்வைஃப்மாரே கர்ப்பிணிகளைப் பல்லுக் காட்டச் சொல்லி எங்களிட்ட அனுப்பினம். அந்த நேரம் அப்பா திருப்பி அனுப்பினவர் எண்டு வாசிச்சா ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"அப்பா அனுப்பேல்லை. அனுப்பினது நான்."

"அதுதான் சொல்லுறன், உங்களுக்கும் அழகில்லை."

கேக்கைச் சாப்பிட்டேன். நல்ல கேக். பென்சிலை எடுக்கவில்லை. எடுக்காததோடு நிற்காமல், இரண்டு பக்கத்தில் அடக்கி எழுதியதை இப்போது முழுதாகவே எழுதுகிறேன்.

நான் நேர்ஸ் இல்லை. எஸ்.எஸ்.சி. பாஸ், அவ்வளவுதான். கலியாணம் முடித்து தெமட்டகொடையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம். கணவருக்கு யார்டில் வேலை, ஒரு சம்பளம் போதவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி டொக்டரிடம் போனேன். ஆறு மாதத்தில் கொறடு எது, நெம்புகோல் எது, எந்தப் பல்லுக்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கப் பழகினேன். ஊசியை எத்தனை நிமிடம் கொதிக்கவிட வேண்டும், மயங்கி விழப்போகிறவரின் மேலுதடு முதலில் எப்படி வியர்க்கும், எல்லாம் அந்த ஆறு மாதத்துப் படிப்பு. சேர்ட்டிபிக்கட் கிடையாது. ஆனாலும் ஆட்கள் என்னை 'மிஸ்' என்றார்கள், டொக்டரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

டொக்டருக்கு இரண்டு கிளினிக். காலையில் கொட்டாஞ்சேனை, பின்னேரம் வெள்ளவத்தை. மத்தியானம் கருவிகள் எல்லாம் டொக்டரின் காரில் போகும், நான் பஸ்ஸில் போவேன். கருவிகளுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை என்று கணவர் பகிடி பண்ணுவார். வெள்ளவத்தைக்கு நான் முன்னதாகப் போய்விட்டால் பின்னறையில் ஒரு மணித்தியாலம் சரிந்து படுப்பேன். அதற்கென்று வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு தலையணை அங்கே இருந்தது. இந்தத் தலையணையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொக்டர் உயரமான ஆள், பேச்சுக் குறைவு. கார்போலிக் சவர்க்காரம் போட்டு ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று தரம் கை கழுவுவார். ஆட்களின் முகத்தைப் பார்க்கமாட்டார். கார்ட்டைப் பார்ப்பார், பிறகு நேரே வாய். வெளியே வீதியில் யாராவது வணக்கம் சொன்னால் ஆள் மட்டுக்கட்டாமல் விழிப்பார். அந்த ஆள் வாய் திறந்து சிரித்துவிட்டால் போதும், "ஆ, கீழ் இடப்பக்கம், நான் அடைச்ச பல்" என்பார்.

விறைப்பு மருந்துக் குப்பியை ஊசியில் போடுமுன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு மனதுக்குள் நூறு எண்ணுவார். மருந்து உடம்புச் சூட்டுக்கு வந்தால் ஏற்றும்போது எரியாது. வரிசையில் முப்பது பேர் நின்றாலும் அந்த நூறு குறையாது. இதைச் செய்த வேறொரு டொக்டரை நான் காணவில்லை. தம்பியும் செய்வதில்லை, கேட்டுப் பார்த்தேன்.

இன்னொரு குணமும் இருந்தது. ஒரு வாய்க்குள் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டாரானால், அந்த வாயை அரைகுறையாக விட அவரால் முடியாது. சாப்பாடு ஆறும், வீட்டிலிருந்து போன் வரும், அசையமாட்டார். கோபம் வந்தால் கத்தவும் மாட்டார். 'மிஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவார். அந்த 'மிஸ்'ஸில் எத்தனை விதம் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

இனிச் சிவப்பு வட்டம்.

நான் வேலைக்குப் போன இரண்டாம் வருசம் ஒரு கர்ப்பிணி கொட்டாஞ்சேனைக்கு வந்தார். வயிறு நன்றாகத் தெரிந்த மாதம். சொத்தைப் பல் பிடுங்க வேண்டும். ஊசி போட்டு, கதிரையைப் பின்னால் சாய்த்தோம். நாலு நிமிடத்தில் முகம் வெளிறி, வியர்த்து, கண் சொருகியது. மயங்கினால் தலையைப் பதித்துக் காலைத் தூக்குவதுதானே எங்கள் பழக்கம். கதிரையை இன்னும் பதித்தோம். இன்னும் வெளிறினார். கடைசியில் குமட்டிச் சத்தி எடுப்பதற்காக அவராகவே ஒரு பக்கம் புரண்டபோதுதான் கண் திறந்தது. பல்லைப் பிடுங்காமல் வீட்டுக்கு அனுப்பினோம். அடுத்த கிழமை அவருடைய வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை என்று கேள்விப்பட்டோம். அவருடைய ஆட்கள் வந்து படிக்கட்டில் நின்று சத்தம் போட்டார்கள். பல்லால்தான் போனது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

டொக்டர் இரண்டு நாள் கிளினிக்கைப் பூட்டினார். மூன்றாம் நாள் வந்து என் மேசையில் ஒரு சிவப்புப் பென்சிலை வைத்தார். "முழுகாமல் இருக்கிற ஆக்கள் வந்தா கார்ட்டில வட்டம் போடுங்கோ. உள்ள விட வேண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து என் மேசையில் கேள்வி இந்த ஒழுங்கில் போகும்: பேர், வயசு, விலாசம், சீனி வருத்தம் இருக்கா, பிரஷர் இருக்கா. கலியாணம் முடித்த பெண் என்றால் கடைசிக் கேள்வி, முழுகாமல் இருக்கிறீங்களா. ஓம் என்றால் வலது மூலையில் வட்டம். "உப்புத்தண்ணியில கொப்பளியுங்கோ. பிள்ளை பிறந்து நாப்பது நாள் கழிச்சு வாங்கோ." கார்ட் மேசையின் கீழ் லாச்சிக்குள் போகும். அடுத்த நம்பர்.

இரண்டு வருசத்தில் எனக்கே வயிற்றில் பிள்ளை. கர்ப்பிணிகள் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சொன்னார், "மல்லாக்கப் படுக்காதேங்கோ. பிள்ளையின்ர பாரம் முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்த நரம்பில அமத்தினா ரத்தம் மேல திரும்பாது, தலை சுத்தும். இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ." அதைக் கேட்ட இடத்திலேயே எனக்கு அந்தக் கதிரை ஞாபகம் வந்தது. மயக்கத்துக்குக் காரணம் ஊசியும் இல்லை, பல்லும் இல்லை. நாங்கள்தான் அவரை மல்லாக்கக் கிடத்தினோம். மயங்கியதும் இன்னும் கிடத்தினோம்.

மறுநாள் டொக்டரிடம் சொன்னேன். ஒரு நோயாளியின் வாயில் வேலையாக இருந்தார். நிமிராமலே, "மிஸ், குழாயைப் பிடியுங்கோ" என்றார். எச்சில் உறிஞ்சும் குழாயைச் சொன்னார். பிடித்தேன். அதற்குப் பிறகு மூன்று வருசம் வாய் திறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன், வட்டமும் போட்டேன். என் வேலை வாழ்க்கையில் எனக்கு வெட்கமான வருசங்கள் அவைதான்.

அந்த மூன்றாம் வருசத்தில் ஒரு நாள் காலை, கொட்டாஞ்சேனையில், பிலோமினா வந்தார்.

இருபத்தைந்து வயதிருக்கும். புருசன் துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவர். வலது கன்னத்தை ஒரு துவாயால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பல்லுக்கு நடுவால்தான் பேச்சு வந்தது.

"வாய் திறக்க ஏலாது மிஸ். கடைசிப் பல்லு. அஞ்சு நாளாச்சு. கராம்பெண்ணெய் வச்சு, அது முரசையும் சுட்டுப்போட்டுது."

ஞானப் பல். பாதி முளைத்து, மேலே முரசுச் சதை மூடி, அதற்குள் சோறு போய்ச் சீழ் கட்டும். பார்க்காமலே சொல்லலாம். பேர், வயசு, விலாசம் எல்லாம் எழுதினேன். கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"ஓம் மிஸ். ஆறு மாசம்."

வட்டம் போட்டேன். நாப்பது நாள் வசனத்தைச் சொன்னேன். அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"அப்ப நாலு மாசத்துக்கு மேல போகுமே. அது மட்டும் நான் சாப்பிடாம இருக்கிறதா? இப்பவே வெறும் பிளேன் ரீயும் கஞ்சித் தண்ணியும்தான். பசியில உள்ளுக்க கிடந்து உதைக்குது மிஸ்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன்பதாம் நம்பர்" என்றேன். ஒன்பதாம் நம்பர்க்காரர் எழும்பி வந்தார். பிலோமினா குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கார்ட்டை லாச்சிக்குள் போட்டேன்.

பின்னேரம் வெள்ளவத்தை. ஐந்து மணி இருக்கும். முன்னறையில் ஏழெட்டுப் பேர். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். தொளதொளத்த சட்டை, அதற்கு மேல் போர்வை போல ஒரு சால்வை, வயிற்றோடு அணைத்த பெரிய கைப்பை. துவாய்க் கட்டு இல்லை. ஆனால் கன்னம் அதே கன்னம்.

என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகொரு நாள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: கோயிலில் ஒரு மனுசி, "கொட்டாஞ்சேனை ஆள் சரிவராது, வெள்ளவத்தையில ஒரு கைராசிக்கார டொக்டர் இருக்கிறார், அங்க போ" என்று அனுப்பிவிட்டாராம். அது இதே டொக்டர்தான் என்று அந்த மனுசிக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. டொக்டருக்கும் தெரியப் போவதில்லை, அவர் காலையில் இந்த வாயைப் பார்க்கவில்லை. தெரிந்த ஒரே ஆள் நான்.

திரும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. வந்து என் முன்னால் இருந்தார்.

"பேர்?"

"திரேசா."

"விலாசம்?"

ஏதோ ஒரு வெள்ளவத்தை ஒழுங்கையைச் சொன்னார்.

"முழுகாமல் இருக்கிறீங்களா?"

"இல்லை மிஸ்."

சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. காட்டிக்கொடுக்கிறதென்றால் கொடு என்ற பார்வை. எனக்கு அது பிடித்தது, மறைக்கமாட்டேன்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. காலையில் கன்னத்தில் இருந்த வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. எச்சில் விழுங்க முடியாமல் லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். இப்படி இறங்கின ஒரு வீக்கம், ஒரு மனுசனின் கழுத்து வரை போய் மூச்சுக் குழாயை அடைத்ததைக் கண்டிருக்கிறேன். அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளை போட வேண்டி வந்தது. இங்கே ஒரு தொண்டையை நம்பி இரண்டு உயிர்.

வட்டம் போட்டால் வெளியே போய்விடுவார். போடாமல் விட்டால் டொக்டர் கதிரையைச் சாய்ப்பார், வீக்கத்துக்கு வழமையாக எழுதும் டெட்ராசைக்கிளினை எழுதுவார். வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது, பல்லெல்லாம் மஞ்சளாகும் என்று அவரே மாணவர் ஒருவருக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு வழியும் பிழை. மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது: டொக்டர் கண்ணாடியை வாய்க்குள் வைக்கும்வரை நான் பேசக்கூடாது. வைத்த பிறகு பேசாமல் இருக்கக்கூடாது.

கார்ட்டில் 'திரேசா' என்றே எழுதினேன். பென்சிலைத் தொடவில்லை. பின்னறைக்குப் போய் என் தலையணையை எடுத்துவந்து கதிரைக்குப் பின்னால் வைத்தேன். பிறகு கூப்பிட்டேன்.

டொக்டர் கை கழுவினார். கார்ட்டைப் பார்த்தார். லைற்றை இழுத்தார். "திறவுங்கோ." ஒன்றரை விரல் அளவுதான் திறந்தது. அந்த இடுக்கால் கண்ணாடியை விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"மிஸ், பாருங்கோ." என்னைப் பார்க்கச் சொல்வது அபூர்வம். "கீழ்ப் பல்லுக்கு மேல முரசு எப்பிடி வீங்கியிருக்கு. அதுக்கு மேல குழி தெரியுதே? மேல் ஞானப் பல் ஒவ்வொரு கடிக்கும் அதிலதான் குத்துது. இண்டைக்கு மேல் பல்லை எடுத்தா கீழ்ப் புண் ஆறத் துவங்கும்."

சொல்லிக்கொண்டே குப்பியை எடுத்து உள்ளங்கைக்குள் மூடினார். எண்ணத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது. மற்றக் கை கதிரையின் பிடிக்குப் போனது. நான் அந்தப் பிடியில் என் கையை வைத்தேன்.

"சாய்க்க வேண்டாம் டொக்டர்."

"மிஸ்."

அந்த 'மிஸ்'ஸை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"இவவின்ர பேர் பிலோமினா. ஆறு மாசம் முழுகாமல் இருக்கிறா. காலமை கொட்டாஞ்சேனைக்கு வந்தவ. நான்தான் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினனான்."

பிலோமினா எழும்பப் பார்த்தார். தோளில் கை வைத்து, "இருங்கோ" என்றேன். டொக்டர் குப்பியைத் தட்டில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெளியில வாங்கோ, கதைப்பம்."

"இங்கயே கதைப்பம் டொக்டர். அவவின்ர பல்லுத்தானே."

"உங்களுக்குச் சொல்லி வச்சிருக்கிறன்."

"சொன்னீங்கள். அஞ்சு வருசமா நானும் போட்டனான்."

"அண்டைக்கு நடந்தது உங்களுக்கு மறந்துபோச்சா?"

"மறக்கேல்லை. அண்டைக்கு நாங்கள் அவவை மல்லாக்கக் கிடத்தினம். மயங்கினவுடன இன்னும் பதிச்சம். சத்தி எடுக்கச் சரிஞ்ச பிறகுதான் அவ கண் முழிச்சவ. அது எனக்கு வடிவா ஞாபகம். உங்களுக்குச் சொல்லவும் சொன்னனான், நீங்கள் குழாயைப் பிடிக்கச் சொன்னீங்கள்."

"நீங்கள் டொக்டரா மிஸ்?"

"இல்லை. நாலு மாசம் பட்டினி கிடவுங்கோ எண்டு காலமை சொல்லி அனுப்பினனே, அதுக்கு மட்டும் டொக்டராகத் தேவையில்லையாக்கும்."

வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை, ஒரு சம்பளம் என்பதெல்லாம் அந்த நேரம் நினைவில் இருந்தது. இருந்துகொண்டேதான் சொன்னேன்.

அப்போது கதிரையிலிருந்து பிலோமினா பேசினார், பல்லுக்கு நடுவால். "பயமெண்டா எனக்கும்தான் பயம் டொக்டர். வலியோட பயந்தது காணும். இனி வலி இல்லாமப் பயப்பிடுறன்."

நான் பிலோமினாவின் கைப்பையைக் கேட்டு வாங்கி, கர்ப்பிணிக் கார்ட்டை எடுத்து டொக்டரிடம் நீட்டினேன். பிலோமினாவைப் பார்க்கிற லேடி டொக்டரின் பேரும் நம்பரும் அதில் இருந்தது. டொக்டர் அதை வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். போனில் இங்கிலீசில் கொஞ்சம் பேசினார். அதற்குப் பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார்.

திரும்பி வந்தவரின் முகம் தண்டனை வாங்கின பிள்ளையின் முகம் போல் இருந்தது. "ஊசி போடலாமாம். டெட்ராசைக்கிளின் கூடாதாம், பெனிசிலின் குடுக்கலாமாம்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஏன் இவ்வளவு நாள் விட்டனீங்கள் எண்டு என்னைக் கேக்கிறா" என்றார்.

தலையணையை எடுத்து பிலோமினாவின் வலது இடுப்புக்குக் கீழே செருகி, உடம்பை இடப்பக்கம் சரித்தேன். கதிரையைப் பாதிக்கு மேல் பதிக்கவில்லை. டொக்டர் கை கழுவினார், மூன்று தரம். தட்டில் கிடந்த குப்பி ஆறிப்போயிருந்தது. திரும்பவும் உள்ளங்கைக்குள் எடுத்து மூடினார். ஒன்றிலிருந்து நூறு எண்ணி ஊசியை ஏற்றினார். அவரிடம் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் அந்த நூறுக்காக அவரைக் கும்பிடலாம்.

விறைக்கும் நேரத்தில் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை மழுங்கின ஊசியால் முரசுக்கு அடியில் பாய்ச்சினார். வந்த சீழின் நாற்றத்தை எழுத மாட்டேன். நான் குழாயைப் பிடித்தபடி மற்றக் கையால் பிலோமினாவின் நாடியைப் பிடித்துக்கொண்டேன். மேலுதட்டையும் பார்த்துக்கொண்டே நின்றேன். வியர்க்கவில்லை.

"இப்ப வாயைக் கொஞ்சம் மூடுங்கோ" என்றார் டொக்டர்.

பிலோமினா என்னைப் பார்த்தார், பல் டொக்டர் வாயை மூடச் சொல்கிறாரே என்று. மேல் ஞானப் பல்லுக்கு அப்படித்தான். வாயை ஆவென்று திறந்தால் தாடை எலும்பு முன்னுக்கு வந்து வழியை மறிக்கும். பாதி மூடினால்தான் கொறடு போக இடம் வரும். ஐந்து நாளாக வாய் திறக்கவில்லை என்று அழுதவருக்கு, திறக்காததே வசதியாகப் போனது. ஒரு தள்ளு, ஒரு திருப்பு. பல் தட்டில் விழுந்த சத்தம் கேட்ட பிறகும், "எப்ப பிடுங்குவீங்க?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது" என்றேன்.

பிலோமினா பஞ்சைக் கடித்துக்கொண்டு வயிற்றில் கையை வைத்தார். அசையாமல் இருந்தார். நானும் அசையவில்லை. டொக்டர் கையில் கொறடோடு நின்றார். மூவருக்கும் ஒரே நினைப்புத்தான்.

"உதைக்குது" என்றார் பிலோமினா.

டொக்டர் அப்போது அவருடைய முகத்தைப் பார்த்தார். வாயை இல்லை, முகத்தை.

பெனிசிலினும் பரசிட்டமோலும் எழுதி, மூன்றாம் நாள் வரச் சொன்னார். வெளியே வந்ததும் பிலோமினா என் காதுக்குள், "எந்தப் பேரில வாறது மிஸ்?" என்றார். திரேசா கார்ட்டைக் கிழித்துப்போட்டேன். "உங்கட பேரிலயே வாங்கோ. கொட்டாஞ்சேனைக்கு வாங்கோ" என்றேன்.

மற்ற நோயாளிகளும் முடிந்து, கருவிகளைத் துடைத்து அடுக்கியபோது டொக்டர் சொன்னார், "மிஸ், நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை."

"சரி டொக்டர்" என்றேன். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டக்டர் அதற்கும் டிக்கட் வேண்டும் என்று சிங்களத்தில் பகிடி விட்டான்.

வீட்டில் கணவர், "என்ன, தலகணியும் கையுமா?" என்றார்.

"வேலை போச்சு." நடந்ததைச் சொன்னேன்.

அவர் யோசித்தார். "பல்லைப் பிடுங்கினது ஆர்?"

"டொக்டர்."

"அப்ப உனக்கு ஏன் வேலை போகுது?"

அதுவும் சரிதானே என்று பட்டது. கொட்டாஞ்சேனைக் கிளினிக்கின் பூட்டுத் திறப்பு வேறு என் கைப்பைக்குள்ளேயே இருந்தது. அதை அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்காத திறப்பை நானாகக் கொண்டுபோய்க் கொடுப்பதாக இல்லை.

மறுநாள் வழமையை விட ஒரு மணித்தியாலம் முந்தி, தலையணையோடு போய்க் கதவைத் திறந்தேன். கீழ் லாச்சியை இழுத்து வட்டம் போட்ட கார்ட்டுகளை மேசையில் பரப்பினேன். பலதில் பேறு மாதம் எப்போதோ கடந்திருந்தது. அந்தப் பெண்கள் அந்த மாதங்களை எப்படிக் கழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்கும் தைரியம் அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. இன்னும் பிள்ளை பிறக்காத ஆட்களின் கார்ட்டுகளைப் பிரித்தேன். ஒருவரின் விலாசம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. பல் அடைப்பு விழுந்து வந்தவர். நடந்து போய்க் கதவைத் தட்டினேன். "இப்ப வாங்கோ, பாப்பம்" என்றேன். அந்தப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டு செருப்பைத் தேடினார்.

டொக்டர் வந்தபோது முன்னறையில் முதலாவதாக அந்தப் பெண் இருந்தார், வயிறு தெரிய. கதிரையில் தலையணை இருந்தது. மேசையில் நான் இருந்தேன். டொக்டர் என்னைப் பார்த்தார். மேலே இருந்த கார்ட்டை எடுத்தார்.

"மிஸ். வட்டம் போட்டிருக்கே."

"ஓம் டொக்டர். ஏழாம் மாசம். வட்டம் எண்டா இனித் தலையணை."

கார்ட்டைத் திரும்ப மேசையில் வைத்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் இரைந்தன. பிறகு உள்ளே போனார். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

"மிஸ்" என்றார் உள்ளிருந்து. "குழாயைப் பிடியுங்கோ."

போய்ப் பிடித்தேன். அதன் பிறகு இருபத்துநாலு வருசம் பிடித்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, நானும் அவரிடம் கேட்டதில்லை. சிவப்புப் பென்சில் தேய்ந்தால் அவரே புதிதாக வாங்கிவந்து வைப்பார். பிலோமினா சொன்னபடி மூன்றாம் நாள் வந்தார், மூன்று விரல் போகிற அளவுக்கு வாய் திறந்தது. பொடியன் பிறந்து ஞானஸ்நானக் கேக்கும் வந்தது. டொக்டர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

இவ்வளவுதான் தம்பி. இதில் எதை எடுக்கச் சொல்கிறீர்கள்? வட்டத்தை எடுத்தால் தலையணை எதற்கு வந்தது என்று விளங்காது. நான் திருப்பி அனுப்பியதை எடுத்தால் பிலோமினா ஏன் பேரை மாற்றிக்கொண்டு வந்தார் என்று விளங்காது. உங்கள் அப்பா பயந்தார் என்பதை எடுத்தால், பயந்துகொண்டே அவர் ஒன்றிலிருந்து திரும்பவும் நூறு எண்ணியதன் பெறுமதி யாருக்கும் விளங்காது. எனக்கு அழகில்லை என்றீர்கள். அழகுக்காக நான் அந்த மேசையில் இருக்கவில்லை.

அந்தப் படத்தைக் காட்டினீர்களே, கறுப்பு வெள்ளைப் படம். மேசைக்குப் பின்னால் சிரித்தபடி இருக்கிறேன், கையில் ஒரு பென்சில். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாது. படத்துக்குக் கீழே என் பேரைப் போட்டு, பென்சில் சிவப்பு என்று எழுதுங்கள். எழுத ஏலாது என்றால் படத்தையும் எடுத்துவிடுங்கள்.